இரண்டு புள்ளி மஞ்சள்

துவைத்து மடித்த வெள்ளை விரிப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தால் யாருடைய முகமும் படத்தில் நன்றாக விழும். ஜன்னல் வெயில் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி முகத்தில் மெத்தென்று இறங்கும். பெரிய கேமரா எதுவும் வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். எங்கள் சலவை ஆலையில் தினமும் நாலாயிரம் விரிப்புகள் வெளுத்து வரும். வெளிச்சத்துக்கு எனக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

படம் எடுப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். டீ கிளாஸின் விளிம்பில் ஒட்டிக்கொண்ட நுரை, ஈரத் தரையில் ரப்பர் செருப்பு விட்டுப்போன தடம், இஸ்திரி உருளையிலிருந்து எழும் ஆவிக்குள் பாதி மட்டும் தெரிகிற ஒரு கை. வேலைக்கு நடுவே கண்ணில் பட்டதை எடுத்து ஆலையின் வாட்ஸப் குழுவில் போடுவேன். இவள் போனில் மட்டும் நம் ஆலை சினிமா மாதிரி தெரிகிறது என்று இஸ்திரி அக்கா எல்லாரிடமும் சொல்வாள். ஒரு நாள் படம் வராவிட்டால் சூப்பர்வைசர் என் மேசைக்கே வந்துவிடுவார். இன்றைக்கு என்னம்மா ஆச்சு என்று பிரியமாகத்தான் கேட்பார்.

நீங்கள் சூப்பர்வைசரைப் பற்றிக் கேட்கத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள், தெரியும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் அதே ஆலையில் வேலை பார்த்தவர். கட்டிய விரிப்புகளை வண்டியில் ஏற்றி அனுப்பும் வேலை. சர்க்கரை வியாதிக்காரர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். பதினொன்றே முக்கால் மணிக்கு விரிப்புக் கட்டுகளில் சாய்ந்து, வாய் திறந்தபடி, நினைவில்லாமல் கிடந்தார். அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் பார்த்தார். போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். 'ஐயா ஓய்வில் இருக்கிறார், யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று எழுதிக் குழுவில் போட்டார். முப்பத்தோரு பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு இஸ்திரி அக்காதான் எழுப்பப் போய்த் தொட்டிருக்கிறாள். உடம்பு சில்லிட்டு, சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒரே குளுக்கோஸ் ஊசியில் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். சிரிப்பில் போனது. அன்றைக்கே என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் அணையவில்லை.

அவருடைய இடத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது சூப்பர்வைசர்தான். முதலாளியிடம் நாலு தடவை போய் நின்றாராம். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொன்னார்கள். மனசு உறுத்துகிறவன் வேறு என்ன செய்வான் என்று நான் நினைத்துக்கொண்டேன். வேலையை வாங்கிக்கொண்டேன்.

என்னை விரிப்புகளைச் சோதிக்கும் மேசையில் போட்டார்கள். கறை, கிழிசல், மஞ்சள் பார்த்து ஒதுக்க வேண்டும். கறையும் கிழிசலும் குருடனுக்கும் தெரியும். மஞ்சள்தான் கஷ்டம். அது ஒரே நாளில் ஏறாது. ஒவ்வொரு துவையலுக்கும் துளித் துளியாக ஏறும். தினமும் பார்க்கிறவர்களுக்கு அது வெள்ளையாகவேதான் தெரியும். புது விரிப்பு ஒன்றைப் பக்கத்தில் விரித்தால்தான் பழசின் வண்டவாளம் வெளியே வரும். எவ்வளவு மஞ்சள் வரைக்கும் மனிதர் கண்ணுக்குத் தப்பும் என்பது ஆறு மாதத்தில் எனக்கு அத்துப்படி.

போனில் படத்தைத் திருத்துகிற இடத்திலும் அதற்கு ஒரு கோடு இருக்கிறது. விரலால் தள்ளினால் படத்தில் மஞ்சள் கூடும். பக்கத்திலேயே இன்னொரு கோடு, கண்ணுக்கடியில் நிழல் கூட்ட.

திங்கட்கிழமைதோறும் ஆலையில் இருக்கிற எல்லாரையும் விரிப்பு அடுக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆளுக்கொரு படம் எடுத்துப் போட ஆரம்பித்தேன். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். யாருடைய முகத்திலும் நான் கை வைக்கவில்லை, சூப்பர்வைசர் முகத்தைத் தவிர. முதல் வாரம் இரண்டு புள்ளி மஞ்சள். அடுத்த வாரம் இன்னொரு இரண்டு. நிழல் ஒரு புள்ளி. ஒருபோதும் அவசரப்படவில்லை.

ஏழாவது வாரம் பேச்சு கிளம்பியது. சார் முகம் மஞ்சளடிக்கிறதே, காமாலையா என்று ஒருத்தர், தூக்கம் இல்லையா சார் என்று இன்னொருத்தர். தினமும் நேரில் பார்க்கிறவர்கள்தான். நேரில் பார்த்தது அவர்களுக்கு நினைவில்லை, படத்தில் பார்த்ததுதான் நினைவிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே ஒரு நாள் தன் போனில் தன்னைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். கன்னம் மொழுமொழுவென்று இருந்தது.

"இதுல நல்லாத்தானேம்மா இருக்கேன்?"

"உங்க போன் அழகாக்கிக் காட்டும் சார். என்னோடது உள்ளதக் காட்டும்."

இதைச் சொன்னது நான்தான். அதற்குப் பிறகு அவர் தன் போனில் படமே எடுக்கவில்லை. கண்ணாடியையும் நம்பவில்லை. கண்ணாடி நமக்கு நாமே பார்த்துக்கொள்வது, படம் பிறர் பார்ப்பது. பிறர் சொல்வதற்குத்தானே மனிதன் பயப்படுகிறான்.

டாக்டரிடம் போனார். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு டாக்டரிடம் போனார், அங்கேயும் அதே பதில். இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று என்னிடமே வந்து புலம்பினார். எண்ணெயை விட்டார், உப்பை விட்டார், ராத்திரி சாப்பாட்டை விட்டார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அவர் மனைவி ஒரு நாள் ஆலைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது சொல்லிச் சாப்பிட வையம்மா என்றார். சொல்கிறேன் என்றேன். பாவம், அந்த அம்மாள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஈரலைச் சுத்தம் செய்யும் பொடி என்று ஒரு விளம்பரம் என் போனுக்கு வந்தது. அது ஈரலைக் கெடுக்கும், இரண்டு பேர் செத்திருக்கிறார்கள் என்ற செய்தியும் பின்னாலேயே வந்தது. விளம்பரத்தை மட்டும் அவருக்கு அனுப்பினேன். தினம் மூன்று வேளை கலக்கிக் குடித்தார். எதிரே உட்கார்ந்து அவர் குடிப்பதைக்கூட ஒரு படம் எடுத்தேன். கிளாஸில் வெயில் நன்றாக விழுந்திருந்தது.

நாலாவது மாதம் நான் மஞ்சள் கோட்டைத் தொடவே தேவையில்லாமல் போயிற்று. எடுத்தபடியே போட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் இறந்துபோனார். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

மாட்டிக்கொண்டது என் கர்வத்தால்தான். சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். முதல் திங்கட்கிழமை எடுத்ததுதான் இருப்பதிலேயே நல்ல படம். நான் எடுத்தது சுவரில் காலத்துக்கும் தொங்கப்போகிறது, அது அசிங்கமாக இருக்கக் கூடாதே. கை வைக்காத அசலை அனுப்பிவிட்டேன். அந்த அம்மாள் அதையும், புருஷனின் போனில் குழுவுக்கு வந்திருந்த அதே படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அதே சட்டை, அதே சிரிப்பு, அதே விரிப்பு அடுக்கு, முகத்தின் நிறம் மட்டும் வேறு. நேரே உங்களிடம் வந்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆக, செய்தது நான்தான். நாலு மாதம், தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவருடைய போனை நீங்கள் முழுக்கப் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரரை எடுத்த அந்தப் படம் குழுவுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு வந்ததைப் பற்றியும் கேட்பீர்கள். என் போனில் அழித்துவிட்டேன், அவர் அழித்திருக்க மாட்டார். கீழே அவர் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்: "வீட்டுக்காரர் இப்படித் தூங்குறாரே, உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?"

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. ஊசி போட்டுக்கொண்டவர், கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டார். தள்ளின தட்டு தள்ளினபடியே மேசையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் அனுப்பினேன். நாலு பேர் முன்னால் அவர் மானம் கொஞ்சம் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். எழுப்பாதீங்க, நல்லாத் தூங்கட்டும்." பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

அதை வைத்து நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கையெட்டும் தூரத்தில் நின்றது அவர்தானே. நான் ஏதோ கோபத்தில் சொன்னேன் என்பதற்காக, ஒரு மனிதன் தொட்டுக்கூடப் பார்க்காமல் போய்விடுவானா?