பாலத்துல எறங்கிடு

திரும்பிப் பாக்காத தாயி. ஜன்னலப் பாரு, மலையப் பாரு, என்னையப் பாரு. பின்னாடி மட்டும் பாக்காத. நான் ஏதோ தமாஷ் சொன்ன மாதிரி கொஞ்சம் சிரி. ஆங், போதும்.

கறுப்புத் தொப்பி, தோல் ஜாக்கெட், கடைசிக்கு முந்துன வரிசை. ஆமா, அவனேதான். பொட்டோசி பஸ் ஸ்டாண்டுல உன் மூட்டையப் புடிச்சு ஏத்தி விட்டான்ல? நல்லாப் பேசுனான், இல்ல? எந்த ஊரு, தனியாவா சுத்துற, பயமா இல்லையான்னு கேட்டிருப்பான். துப்பீசாவுல எறங்குனா தெரிஞ்ச விடுதி இருக்கு, மச்சான் டாக்ஸி ஓட்டுறான்னு சொல்லிருப்பான். பாரு, மொகம் மாறுது. இந்தா, இந்த வறுத்த சோளத்த வாயில போடு. மென்னுக்கிட்டே இருந்தா மொகம் காட்டிக் குடுக்காது.

பாதி பஸ் காலியாக் கெடக்கு, இந்தக் கெழவி எதுக்கு மூட்டையோட வந்து நம்ம மேல விழுறான்னு உனக்கு எரிச்சல். தெரியும். தப்பில்ல. நான் உக்காரலேன்னா இந்த சீட்டுல அவன் உக்காந்திருப்பான்.

சொல்றேன், கேளு. போன மழைக்காலத்துல உன்ன மாதிரியே ஒரு பொண்ணு வந்துச்சு. பேரு மரைக்கா. நல்ல ஒசரம், வெயில்ல மூக்கெல்லாம் தோல் உரிஞ்சு, வீட்டையே முதுகுல கட்டிக்கிட்டு வந்த மாதிரி ஒரு மூட்டை. உப்புப் பாலைவனத்தப் பாத்தாச்சு, அடுத்து எல்லையத் தாண்டி அர்ஜென்டினா போகணும்னு இதே ரோட்டுல வந்துச்சு. இவன் பக்கத்துல உக்காந்தான். ரொட்டியப் பிச்சுப் பாதி குடுத்தான். உங்கம்மா பேரென்னன்னு கேட்டானாம். யாருக்குத்தான் சந்தேகம் வரும், சொல்லு.

துப்பீசாவுல எறங்கி மச்சான் டாக்ஸியில ஏறியாச்சு. கொஞ்ச தூரத்துல ஒருத்தன் கையக் காட்டி நிறுத்துனான். போலீஸாம். ஏதோ அட்டைய நீட்டுனான். உள்ள ஏறி உக்காந்துக்கிட்டு, போதைப்பொருள் சோதனை, பாஸ்போர்ட்ட எடு, பைய எடுன்னு மெரட்டுறான். அப்ப இந்தக் கறுப்புத் தொப்பி என்ன பண்ணான் தெரியுமா? அவள விட அதிகமாப் பயந்தான். கை காலெல்லாம் நடுங்கி, கண்ணுல தண்ணி வுட்டு, குடுத்துரு குடுத்துரு, இல்லன்னா நம்ம ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருவாங்கன்னு அழுதானாம். ஐயோ, நம்மளால இந்தப் பையனுக்கும் கஷ்டமேன்னு அந்தப் பொண்ணு எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துருக்கு.

வண்டி ஊருக்குப் போகாம காஞ்ச ஆத்துக்குள்ள எறங்குச்சு. போலீஸ்காரன் டிரைவர செல்லப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கான். மூணு பேரும் கூட்டுன்னு அப்பத்தான் அவளுக்கு வெளங்குச்சு. கதவத் தொறந்து ஓடுற வண்டியிலேருந்து குதிச்சுட்டா.

இரு. அவன் எந்திரிக்கிறான். இங்கதான் வர்றான். மெல்லு, மெல்லு.

ஆமாங்குறேன், எங்க ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி மாதிரி நீ எங்கயும் தின்னுருக்க மாட்ட! உப்பு மட்டும் சரியா விழுந்துச்சுன்னு வச்சுக்கோ, ஒரு முழு வட்டக் கட்டிய ஒரே ஆளு தின்னு முடிச்சிருவான்! எம் மருமவ போடுவா பாரு உப்பு, ஆத்தாடி, ஆடே திங்காது!

போயிட்டான். டிரைவர்கிட்ட ஏதோ கேட்டுட்டுத் திரும்பிப் போறான். உன்னப் பாக்கல, என்னையத்தான் பாத்தான். குடு, இப்படிக் கையக் குடு.

அந்தப் பொண்ணா? கணுக்கால் ஒடஞ்சு போச்சு. வண்டி நிக்கவே இல்ல. மேல மலையில மழை பேஞ்சு ஆத்துல செவப்பாத் தண்ணி வருது. நிக்க முடியாது, நடக்க முடியாது. தவழ்ந்து தவழ்ந்து கரையேறி, ஒரு முள்ளு மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடந்துருக்கு. காலையில ஆடு மேய்க்க வந்தவ பாத்துச் சத்தம் போட்டு ஆளக் கூட்டியிருக்கா.

பொழச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரியில நான் போய்ப் பாத்தேன். சூப்பு வச்சு எடுத்துட்டுப் போனேன். ஏன் போனேன்னா... போனேன், அவ்வளவுதான். உள்ளங்கை பூரா முள்ளுக் குத்துன ஓட்டை. கரண்டி புடிக்க முடியல, ஊட்டி விட்டேன். எங்கம்மா மாதிரியே இருக்கீங்கன்னு சொல்லுச்சு. எனக்கு அங்க உக்கார முடியல. கெளம்புறப்ப கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. அந்தப் பையன் அழுதானே, அதுல கொஞ்சமாவது நெசம் இருந்திருக்குமான்னு. நான் போர்வைய இழுத்துப் போத்தி விட்டுட்டு வெளிய வந்தேன்.

போலீஸ்ல சொன்னேன் தாயி. நெசப் போலீஸ்ல. பேரு, வீடு, எங்க நிப்பான், யார் யாரு கூட்டாளி, எல்லாத்தையும் நானே போய்ச் சொன்னேன். புடிச்சுட்டும் போனாங்க. ஆனா அந்தப் பொண்ணு வந்து இவன்தான்னு ஆளக் காட்டணும்ல? அதுக்குள்ள அவங்கப்பா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. திரும்பி இந்த மண்ண மிதிக்க மாட்டேன்னுருச்சாம். எப்படி வரும்? இவன் வெளிய வந்துட்டான். யாரு சொன்னதுன்னு அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேக்கல. எங்கிட்டப் பேசுறதையே விட்டுட்டான்.

என்னைய நம்புறதா வேணாமான்னு ரோசிக்கிற. ரோசி. நானும் பஸ்ஸுல வந்து ஒட்டிக்கிட்டவதான, எம்மேலயும் சந்தேகப்படணும். அதான் புத்தி. சொல்றத மட்டும் கேட்டுக்கோ. ஊருக்கு முந்தி ஒரு பாலம் வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாத, பாலத்துல எறங்கிடு. எறங்குன எடத்துலயே நீல கேட்டு. நியெவெஸ்னு என் சிநேகிதி விடுதி நடத்துறா. எம் பேரு எவரிஸ்டா, நான் அனுப்புனேன்னு சொல்லு, வேற எதுவும் கேக்க மாட்டா. அவ வீடு வேணாம்னாலும் சரி, எதுத்தாப்புல சந்தை கூடியிருக்கும், பொம்பளைங்க நடுவுல போய் நின்னுக்கோ. யாரு டாக்ஸியிலயும் ஏறாத. மூட்டைய மடியிலயே வச்சிருக்கியே, நல்லதாப் போச்சு.

செவப்பு மலை வந்துருச்சு, அடுத்தது பாலந்தான். எந்திரி, மெதுவா. மூட்டை வாரைத் தோள்ல மாட்டிக்கோ. ஹசிந்தோ! ஏப்பா ஹசிந்தோ! பாலத்துல நிறுத்துப்பா, புள்ளைக்கு வாந்தி வருது!

நான் எறங்கல. எனக்குத் துப்பீசாவுல ஒரு வேலையும் இல்ல தாயி. அவன் சட்டைய மாத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்புற அன்னைக்கெல்லாம் நானும் பின்னாடியே ஏறிர்றேன். அவன் எந்தப் பஸ்ஸோ அந்தப் பஸ்ஸு. எந்தப் பொண்ணு மேல கண்ண வைக்கிறானோ அவ பக்கத்துல போய் நான் உக்காந்துக்குறேன்.

அவனும் எந்திரிச்சுட்டான். பாக்காத, நீ முன்னாடி போ. நான் படியில குறுக்க நின்னுக்குறேன். எறங்கணும்னா என்னையத் தள்ளிட்டுத்தான் எறங்கணும். தள்ள மாட்டான்னுதான் நெனைக்கிறேன். இதுவரைக்கும் தள்ளுனதில்ல.

எம்புள்ளதான் தாயி அவன். படி ஒசரம், பாத்து எறங்கு.