எட்டுப் பல் தெரிந்தது

நாள் முழுக்க நின்ற கால்களோடு வந்தும் இந்த அவையை நிமிர்த்தி நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, முடி நரைத்தும் முதுகு வளையாத மூத்தவர்களே, வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வாசல்வரை நிறைந்து நிற்கும் தாய்மார்களே, கடை கடையாக உழைக்கும் தம்பிகளே, தங்கைகளே! முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்ந்த இந்த ஆசிரியனின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்து சேரட்டும்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன். பயப்பட வேண்டியது பின்னால் வருகிறது.

'கிரின்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். பல் தெரியச் சிரிப்பது என்று பொருள். என் வகுப்பில் யாராவது கையைத் தூக்கி, "சார், சிரிப்புக்கு ஏற்கெனவே ஒரு வார்த்தை இருக்குதே, இது எதுக்கு?" என்று கேட்பார்கள். சொல்வேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சொல்லுக்குச் சிரிப்பு என்று பொருளே இல்லை. வலியில் பல்லைக் காட்டுவது, கோபத்தில் பல்லைக் காட்டுவது, அவ்வளவுதான். அடிபட்ட நாய் மூலையில் ஒடுங்கிக்கொண்டு உதட்டை மேலே இழுக்கிறதே, அதுதான். முனகலைக் குறிக்கும் சொல் ஒன்றும் இதற்கு உறவு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். காலம் போகப்போக, பல்லைப் பார்த்தவர்கள் வலியைப் பார்க்க மறந்தார்கள். வலி மெல்ல விலகியது, சிரிப்பு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். எழுதினேன், அழித்தேன். புரிந்துகொண்டேனா? இல்லை, பெரியோர்களே, இல்லை!

என் தங்கை மகள் வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையொன்றில் வேலை செய்கிறாள். அங்கே காலை ஒன்பதரை மணிக்குக் கண்ணாடி வரிசை. சுவர் நீளக் கண்ணாடிக்கு முன்னால் முப்பத்திரண்டு பெண்கள் நின்று சிரிக்க வேண்டும். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே போவார்.

"எட்டுப் பல்லு தெரியணும்மா. உனக்கு ஆறுதான் தெரியுது. மிச்சம் ரெண்டையும் வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

ஒரு நாள் கிடங்கில் மரப்பெட்டி பிரிக்கும்போது அவள் குதிகாலில் ஆணி ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். கேட்டால், "சின்னக் காயம்தான் மாமா" என்றாள். எட்டு நாள் கழித்து ஒரு மாலை தங்கை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் வரிசையாகத் தெரிந்தது.

"என்னம்மா, இன்னிக்கு வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் கண்ணாடி வரிசையில் அவள் முறை வந்தது. மேற்பார்வையாளர் நின்றார். எண்ணினார். "பாருங்கம்மா எல்லாரும்! இதுதான் சிரிப்பு!" என்றார். அவளைப் படம் பிடித்து, 'இந்த வாரத்தின் சிரிப்பு' என்று வாசலில் மாட்டினார்கள். பொருள் வாங்க வந்தவர்கள், "இந்தப் பொண்ணு எவ்வளவு சிரிச்ச முகம்!" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். கழுத்து மரக்கட்டையாக இறுகிக்கொண்டிருக்க, அவள் நின்றாள். பாராட்டினார்கள். நின்றாள்!

அது சிரிப்பே இல்லை என்று கண்டுபிடித்தது யார்? நானா, படித்தவன்? எண்ணத் தெரிந்த மேற்பார்வையாளரா? இல்லை. கூட வேலை செய்யும் ஒரு பெண்மணி. பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும், அதனால் எல்லோருக்கும் 'ஸ்பீக்கர் அக்கா'. அதோ, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மதியம் சாப்பாட்டு அறையில் அவர் பார்த்தது பல்லை அல்ல, திறக்காத டப்பாவை.

"ஏய், ஏன் சாப்பிடல? படம் மாட்டினதுல வயிறு நிறைஞ்சிடுச்சா?"

தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் பல்லிடுக்கில் வழிந்து தாவணியில் கொட்டியது.

"வாயைத் திறடி."

மூடிய பல்லுக்குள்ளிருந்து வந்தது: "முடியலக்கா."

தாய்மார்களே, அதன் பெயர் தாடைப் பூட்டு. ஆணிக் காயத்தின் வழியே புகுந்த கிருமியின் நஞ்சு முகத்துத் தசைகளை இழுத்துப் பிடித்துவிடும். பார்ப்பவருக்கு அது சிரிப்பு. மருத்துவர் என்னிடம், "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும் சார்" என்றார்.

மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருட்டறை. வெளிச்சம் பட்டால் உடல் வில்லாக வளையும். ஒரு கரண்டி விழுந்தால் வளையும். கதவு இடுக்கு வழியாக ஒருமுறை பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருக்கிறது, முகம் சிரித்துக்கொண்டே இருக்கிறது. ஐயா, அந்த முகத்தைப் பார்த்தபின் எந்தச் சிரிப்பைக் கண்டாலும் எனக்குப் பயம் வருகிறது. அந்தப் பதினெட்டு நாளும் ஸ்பீக்கர் அக்கா கடை முடிந்ததும் வந்து நடைக்கூடத்தில் உட்காருவார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல். பத்தொன்பதாம் நாள் என் தங்கை மகளின் தாடை இளகியது. அவள் சொன்ன முதல் சொல்: "பசிக்குது."

கை தட்ட வேண்டாம், பின்வரிசைத் தம்பி. இன்னும் முடியவில்லை.

வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்புகிறாள். நிர்வாகம் சொல்லிவிட்டது: கண்ணாடி வரிசை எல்லோருக்கும் பொது, எட்டுப் பல் எல்லோருக்கும் பொது. நேற்று அவள் என்னைக் கேட்டாள்: "மாமா, தினமும் இதே மாதிரி சிரிச்சிட்டு நின்னா, மறுபடி யாருக்காச்சும் வந்தா எப்படித் தெரியும்?"

உங்களிடம் பதில் இருக்கிறதா?

முப்பத்திரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒருவரும் நிற்கப் போவதில்லை. வேலை போகலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களுக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்தை மறைத்துப் பல்லைக் காட்ட மாட்டோம் என்கிறார்கள். அவர்கள் கேட்பது அதிகமா? வருவோரை வரவேற்க மாட்டோம் என்றார்களா? மனம் வந்தால் சிரிக்கிறோம், வலி வந்தால் முகம் சுளிக்கிறோம் என்கிறார்கள். முகம் சுளிக்கும் உரிமையைக் கேட்கிறார்கள், உயிர் பிழைக்கக் கேட்கிறார்கள்!

ஆகவே அவையோரே, திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு அந்தக் கடை வாசலுக்கு வாருங்கள். முழக்கம் வேண்டாம், சண்டை வேண்டாம். வெளியே நின்று அவர்களைப் பாருங்கள். பல்லைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். முப்பத்திரண்டு பேரையும், ஒருவரையும் விடாமல்.

நேரம் தந்த தலைவருக்கும், நின்றுகொண்டே கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. திங்கட்கிழமை காலை வாசலில் சந்திப்போம். வணக்கம்.