தோத்தான் பாறை

முன்ன ஒரு காலத்துல, ஜமீன் சவாரி வந்தா நாய்கூட குலைக்காத காலத்துல, ஆவாரங்குளம்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல மாடத்தி, மாடத்தின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் வெயிலுமுத்துவுக்குச் சதுரங்கக் கிறுக்கு. நல்லாத்தான் ஆடுவான். ஆனா அவன் வாயி அதைவிட நல்லா ஆடும்.

ஜமீன்தாருக்கும் அதே கிறுக்கு. "என்னை ஜெயிச்சா ஒரு சோடி காளை. தோத்தா மூணு மழைக்காலம் என் தொழுவத்துல சாணி அள்ளணும்"பாராம். காளைக்கு ஆசைப்பட்டுப் போனவன் அம்புட்டுப் பேரும் சாணிதான் அள்ளினான். வெயிலுமுத்துவும் போனான். அவனும் அள்ளினான்.

மாடத்திக்கு அப்ப ஆறு மாசம். வயித்தைத் தள்ளிக்கிட்டு அரண்மனை வாசல்ல போயி நின்னா.

"சாமி, பிள்ளை பிறக்கிற நேரத்துக்காச்சும் அவுகளை விட்ரும்."

"ஆடி ஜெயிச்சுக் கூட்டிட்டுப் போ பிள்ள. அடுத்த அமாவாசைக்கு வா. தோத்தா நீயும் இங்கதான். பிள்ளையும் தொழுவத்துலதான் பிறக்கும்."

பாவி, சிரிச்சுக்கிட்டே சொன்னாராம்! அவளுக்கு யானை எது, குதிரை எதுன்னுகூடத் தெரியாது. ஆனாலும் "சரி சாமி"ன்னுட்டா. வேற என்ன செய்வா?

ஊருக்கு வந்தா. முன்ன தோத்து, சாணி அள்ளித் திரும்புன ஆளுகளைத் தேடிப் போனா. "பெரியப்பா, எப்படித் தோத்தீரு?"ன்னா. பெரியப்பா என்ன சொன்னாரு தெரியுமா? "தோத்ததை விடு தாயி. நான் அவரு குதிரையையே வெட்டுனேனாக்கும்!" சின்னையாகிட்டப் போனா. "அந்தப் பேச்சை விடு. ஆனா, குதிரையை வெட்டுனேன் பாரு!" மாமன்கிட்டப் போனா. மாமனும் மீசையைத் தடவிக்கிட்டு அதே குதிரையத்தான் சொன்னாரு.

சிரிக்காதீங்க. உங்களைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவீங்க. தோத்ததைச் சொல்ல எவனுக்கு நாக்கு வருது?

மாடத்திக்குப் பொறி தட்டுச்சு. 'எல்லாரும் குதிரையை வெட்டியிருக்காக. எல்லாரும் தோத்திருக்காக. அப்ப அந்தக் குதிரையிலதான் வினை இருக்கு!'

ஊருக்கு மேக்க இருந்த பாறையில கரிக்கட்டையால கட்டம் போட்டா. புளியங்கொட்டை, சோழி, உடைஞ்ச வளையல் எல்லாம் காயாச்சு. மூணு பேரையும் இழுத்து உக்கார வச்சா. "பெருமை போதும். எங்க கெட்டுச்சுன்னு வச்சுக் காட்டுங்க"ன்னா. வெக்கப்பட்டுக்கிட்டே வச்சாக. ராஜாவுக்குக் காவலா நின்ன யானை குதிரையை வெட்டப் போயிருக்கு. காவல் போன வாசல்ல ஜமீன்தாரு மந்திரி, இப்ப ராணிங்கிறோமே அந்தக் காயி, நுழைஞ்சுருச்சு. மூணு பேருக்கும் அதே கதை!

எந்தக் காயி எப்படி நடக்கும்னு அவககிட்டயே கத்துக்கிட்டா, அப்புறம் நித்தமும் ஆட்டந்தான். மூணு பேரும் மாத்தி மாத்தி ஜமீன்தாரு மாதிரி ஆடுனாக, மாடத்தி தோத்தா. தோத்ததும் காயைக் கலைக்க விடமாட்டா. "பொறுங்க, திரும்ப வைங்க. நான் எங்க கெட்டேன்?"னு அந்த இடத்துல இருந்து மறுபடி ஆடுவா. மறுபடி தோப்பா. மறுபடி வைப்பா. தோக்கத் தோக்க ஆட்டம் படிஞ்சுச்சாம்.

அமாவாசை வந்துச்சு. அரண்மனையில உக்காந்தா. கொஞ்ச நேரத்துல ஜமீன்தாரு குதிரையைக் கொண்டாந்து யானைக்கு முன்னால வச்சாரு. வெட்டுன்னா வெட்டிரலாம். மாடத்தி கையி பரபரன்னு வருது! ஆசை யாரை விட்டுச்சு? கையை முந்தானையில சுத்திக்கிட்டா. யானையைத் தொடாம, ஓரத்துல ஒரு சிப்பாயை நகட்டுனா.

"ஏன் பிள்ள, குதிரை வேண்டாமா?"

"எங்க வீட்டுல கட்ட இடமில்ல சாமி."

ஜமீன்தாருக்கு வேர்த்துருச்சாம். அந்த ஒரு வித்தையை வச்சே காலம் ஓட்டுன மனுசன், அதுக்கப்புறம் என்ன செய்யன்னு யோசிச்சதே இல்ல. குதிரை உள்ள மாட்டிக்கிட்டு முழிக்குது. அவ சிப்பாய் ஒவ்வொரு கட்டமா நடந்து, அடுத்த கரை ஏறி மந்திரியாச்சு. ராஜாவுக்குப் போக்கிடம் இல்ல. ஜமீன்தாரு தன் ராஜாவைத் தானே சாய்ச்சு வச்சாரு. "சொன்னா சொன்னதுதான். கூட்டிட்டுப் போ"ன்னாரு.

வெயிலுமுத்து சாணிக் கையோட ஓடியாந்தான். வந்ததும் வராததுமா, "ஏ மாடத்தி, நான் அவரு குதிரையையே…"ன்னான்.

"தெரியும், தெரியும். வாரும், வீட்டுக்குப் போவோம்"னா. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துருச்சு அவளுக்கு. அத்தனை நாளும் அடக்கி வச்ச மூச்சை அன்னைக்குத்தான் விட்டா. மகராசி, பிள்ளையை அவ வீட்டுலதான் பெத்தா.

அந்தப் பாறைக்குத் தோத்தான் பாறைன்னு பேரு வந்தது அப்படித்தான். ஜெயிச்சது அவ, பேரு தோத்தவகளுக்கு. அங்க ஆட்டம் முடிஞ்சா ஜெயிச்சவன் வாயைத் திறக்கப்படாது. தோத்தவன்தான் காயைத் திரும்ப வச்சு, "இங்க கெட்டேன்"னு சொல்லணும். அதுவரைக்கும் ஒருத்தரும் சிரிக்கப்படாது. போன தையில உள்ளூரு வாத்தியார் மக சதுரங்கப் போட்டிக்குப் போயி தோத்துட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா பாறைக்குத்தான் வந்துச்சு. அழுதுக்கிட்டே காயை அடுக்குச்சு. ஆடு பத்திக்கிட்டு வந்த ஆளுக, தண்ணிக்குப் போன பொம்பளைக, எல்லாரும் சுத்தி உக்காந்தாக. "இந்தா, இங்கதான்"னு ஒரு காயைத் தொட்டுக் காட்டுச்சு. காட்டுனதும் மூஞ்சி தெளிஞ்சு, "பசிக்குது"ன்னு வீட்டைப் பாத்து ஓடிருச்சு.