பீப்பாய்க் கிடங்கில் நின்றவர்

பாரூர் ஏரி நிரம்பி, கிடா வெட்டிப் பூசை போட்டார்களே, அதற்கு அடுத்த கோடை. ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்குக் கண் டாக்டரைப் பார்க்க பஸ்ஸில் போனேன். கண்தான் மங்கல், காதுக்கு ஒரு குறையும் இல்லை. முன் சீட்டில் ஒரு தக்காளி விவசாயி. அவர் பக்கத்தில் விஸ்கி கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர்.

"ஒரு சொட்டுக் குடிக்காமலே நான் குடிகாரன் ஆயிட்டேன்பா" என்றார் விவசாயி.

"எப்படிங்க?"

"எம் மருமகன் உங்க கம்பெனியிலதான் பீப்பாய் உருட்டறான். தெனமும் சட்டையில சாராய வாடைன்னு எம் பொண்ணு கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டா. நாலு அறை விடலாம்னு அங்க போனேன். கிடங்கு பாக்கற அம்மா என்னைப் பீப்பாய்ங்க நடுவுல அரை மணி நேரம் நிக்க வெச்சாங்க."

"பீப்பாயில இருக்கற சரக்கு குளிர் ஊருல கொஞ்சமாத்தான் ஆவியாவுங்க. நம்ம வெயிலுக்கு மரத்து வழியா போயிட்டே இருக்கும். துணியில ஒட்டிக்கும்."

"அதேதான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்தா, எம் பொண்டாட்டி வாசல்லயே மறிச்சுட்டா. 'இந்த வயசுல இது வேறயா'ன்னு. எம் பொண்ணு வந்து என் சட்டைய மோந்து பாத்தா. உள்ள போயி அவ பையை எடுத்துட்டு வந்துட்டா."

கம்பெனிக்காரர் சிரித்தார். விவசாயி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப அவளும் மருமகனும் நல்லா இருக்காங்க. அந்தம்மா புண்ணியம். அவங்ககிட்ட மறக்காம சொல்லிடுப்பா. எம் பொண்டாட்டிதான் என்னை இன்னும் நம்பல. அவளையும் ஒரு நாள் கூட்டியாறேன்னு சொல்லு."