தெளிப்பான் யாருடையது?

பேச்சு நீண்டால் மணியடித்து நினைவூட்டும் நம் உழவர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பாதி வேலையை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! திங்களன்று நம் வயல்களைச் சோதிக்கவிருக்கும், இன்று நம் விருந்தினராக வீற்றிருக்கும் பரிசோதகர் அவர்களே! வணக்கம்.

இயற்கை வேளாண்மைச் சான்றிதழைப் பாராட்டிப் பேச, உங்களுக்கு அந்த வேளாண்மையைக் கற்றுத்தரும் என்னை அழைத்தார்கள். பாராட்டு எனக்கு வராது. இன்று பயம்தான் வருகிறது.

சான்றிதழ் என்பது என்ன? வெறும் காகிதமா? வெறும் முத்திரையா? நம் வயலைப் பார்த்தே இராத ஒரு தாய், கடையில் நின்று நம்மை நம்புகிறாளே, அந்த நம்பிக்கை! அவள் பார்க்க முடியாததைத்தான் நாம் பதிவேட்டில் எழுதுகிறோம். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால்? காலியாக விட்டவள் நானாகவே இருந்தால்?

பின்வரிசை அண்ணன், டீச்சர் கதைவிடுகிறார் என்று சிரிக்கிறார். கேட்டு முடித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அண்ணா.

நம் தையல்காரத் தங்கையை அறிவீர்கள். பகலெல்லாம் தக்காளி வயல், மாலையில் தையல். மூன்று ஆண்டுகள் ரசாயனத்தைத் தொடாமல் காத்திருந்தவர். இந்தச் சோதனையில் தேறினால்தான் அவருக்கு முதல் சான்றிதழ்.

போன மாதம் அவர் வயலில் பூண்டுக் கரைசல் தெளிக்கக் கற்றுக்கொடுத்தேன். என் தெளிப்பானின் கைப்பிடி உடைந்திருந்தது. அடுத்த வயல்காரரிடம் இரவல் வாங்கினேன். யாருடையது என்று தங்கை கேட்டார். மூன்று முறை கழுவியாயிற்று, பயப்படாதீர்கள் என்றேன். எவ்வளவு படித்தவள் நான்!

திருப்பிக் கொடுத்தபோது அடுத்த வயல்காரர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இது களைக்கொல்லி அடிச்ச டேங்காச்சே, கேட்டுட்டு எடுத்திருக்கக் கூடாதா?"

நான்காம் நாள் இரண்டு வரிசைத் தக்காளி இலைகள் திருகிக்கொண்டன. அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார் தங்கையின் கணவர். பதிவேட்டில், ‘கருவி யாருடையது’ என்ற கட்டத்தை நான் காலியாக விட்டேன். பத்து நாள் வாய் திறக்கவில்லை.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், அது களைக்கொல்லி அடித்த டேங்க் என்று சொன்னேன். இதைப் பதிவேட்டில் எழுதினால் அந்த வயல் மறுபடி முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டிவரலாம் என்றேன். தையல் இயந்திரத்திலிருந்து அவர் நிமிரவில்லை.

"மூணு வருஷம் குனிஞ்ச முதுகு, இன்னும் குனியும். எழுதுங்க டீச்சர். ஆனா டேங்க் வாங்கினது யாருன்னும் சேர்த்து எழுதுங்க. இல்லேன்னா எல்லாரும் என்னையவே பார்ப்பாங்க."

தோழர்களே, தெரியாமல் தவறு செய்தவர் தெரிந்ததும் சொல்ல அஞ்சினால், நம் பாடம் எதற்கு? பதிவேடு எதற்கு? முத்திரை எதற்கு? சங்கத்துக்கென்று தனித் தெளிப்பான் வேண்டும். அது வேறு வயலுக்குப் போகக் கூடாது. அதைவிட முக்கியமாக, உண்மையைச் சொன்னவரைத் தனியே நிறுத்தாத சங்கம் வேண்டும்!

பரிசோதகர் அவர்களே, சலுகை கேட்கவில்லை. இதோ பதிவேடு. காலியாக இருந்த கட்டத்தை நிரப்பிவிட்டேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. தங்கை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பதென்றால் அவரை அல்ல, என்னைப் பாருங்கள்.

பொறுமையாகக் கேட்டீர்கள். நன்றி. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.