மூணாவது பையன்

இல்ல சார், அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஜீப்பை கோயில்கிட்டயே நிறுத்திட்டு வந்தது நல்லதாப் போச்சு, இந்தச் சந்துல ஆட்டோவே திரும்பாது. அண்ணன் வந்துடுவான். அப்பாகூட வெளிய போயிருக்கான். அம்மா உள்ளதான் இருக்காங்க, வர மாட்டாங்க. நான் கவியரசனோட தங்கச்சி சார், சிந்து. போன தடவ நீங்க வந்தப்ப கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டிருந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அவ்வளவா பேச வராது. இன்னிக்கு வீட்ல பேச வேற ஆள் இல்ல.

காபி எடுத்துக்கோங்க. பாத்து, தட்டு வழுக்கும். அன்னிக்கும் இதே தட்டுதான். அம்மா கொண்டாரப்ப ஒரு டம்ளர் சரிஞ்சுதே, அண்ணன் உங்ககிட்ட பேசிட்டே கைய நீட்டிப் பிடிச்சானே. ஒரு சொட்டு கீழ சிந்தல. நீங்க அந்தக் கையப் பிடிச்சுக் குலுக்கி, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது கையாப்பா, மொறம்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் அம்மாவுக்கு அதே பேச்சுதான். மொறத்த கழுவிட்டு சாப்பிட வாடா, மொறத்த நீட்டி வழிய மறிக்காதடான்னு.

ஜூன்ல சார். இப்ப பிப்ரவரி.

ஐயோ, குத்தமா சொல்லல. ஃபைல் மேல போய் நின்னுடுச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களது மாதிரி கவர்மென்ட் ஃபேக்டரில எங்கயும் புதுசா ஆள் எடுக்கறதில்லன்னு பேப்பர்லயே போட்டிருந்தான். எங்கப்பாவுக்கே அவங்க கம்பெனில வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பிட்டாங்க. ஃபுட்பால் டீமுக்கு மட்டும் ஆர்டர் வாங்கறதுன்னா லேசா?

ஆனா மூணு பேரை செலக்ட் பண்ணீங்கல்ல சார். டெரிக்க கோவாக்காரங்க வந்து பிளைட் டிக்கெட்டோட கூட்டிட்டுப் போய்ட்டாங்க. நசீர் பேங்க் டீம்ல கையெழுத்துப் போட்டுட்டான். இப்ப கேஷ் கவுண்டர்ல உக்காந்திருக்கான், கழுத்துல டை கட்டிக்கிட்டு. எண்ணத் தெரியுமாடா உனக்குன்னு அண்ணன் போய்க் கிண்டல் பண்ணிட்டு வந்தான். மீதி கோல்கீப்பர், எங்க வீட்டுப் பையன்தான். அதான் இன்னிக்கு டூர்ல இருந்து இறங்கினதும் நேரா இங்க வந்துட்டீங்க. இல்லையா சார்?

பேங்க்காரங்க இங்கயும் வந்தாங்க. ஆமா, உங்களுக்குத் தெரியாதா? நீங்க உக்காந்திருக்கிற அதே சேர். அப்பா அப்படியே பேனாவ எடுத்து நீட்டினார். அண்ணன் வாங்கல. சாருக்கு வாக்கு குடுத்திருக்கேன்ப்பா, வேற யார் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாத, வேற ஜெர்சில இறங்காத, ஒரே மாசம்னு சொல்லியிருக்காருன்னான். அப்பா அவன்கூட ஒரு வாரம் பேசல. பூத்துல இருந்து உங்க ஆபீஸுக்கு எத்தனை போன் போட்டான் சார்! சார் கிரவுண்ட்ல இருக்காரு, சார் மீட்டிங்ல இருக்காரு, நாளிக்கு மாடி, நாளைக்குப் பண்ணுங்கன்னு கன்னடத்துல சொல்லுவாங்களாம். மறுநாளும் பண்ணுவான்.

இது என்ன பெட்டி? கிளவுஸா? அவனுக்கா. இல்ல, திறக்க வேணாம் சார், இப்படிக் குடுங்க. நான் மேல வச்சிடறேன்.

ஆர்டர் கைல இருக்குல்ல சார்? உங்க பெரிய ஆபீசர் கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சா? அப்ப அண்ணன் போட வேண்டிய கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மெடிக்கலுமா? ஓ, அது சும்மா ஃபார்மாலிட்டி. டாக்டர் உங்காளுதானா. சரி சார்.

தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். டீம்ல சேந்த அப்புறம் ஒருத்தருக்கு அடிபட்டு ஆட முடியாமப் போய்ட்டா, வேலையும் போய்டுமா? போகாதா? முட்டி போன ஃபார்வர்ட் ஒருத்தர் ஸ்டோர்ஸ்ல இருக்காரா. இத்தனை வருஷமாவா? பிள்ளைங்க எல்லாம் படிச்சிட்டாங்களா. நல்லது சார். ஒரு தடவ எங்க ஆளுன்னா கடைசி வரைக்கும் எங்க ஆளுதான்னு சொல்றீங்க. நான் அம்மாவுக்குக் கேக்கட்டும்னுதான் கேட்டேன்.

பீன்யா ஃபேக்டரிங்க பக்கம் அவன் வேலைக்குப் போனது தீபாவளி முடிஞ்சு. தகடு வெட்டற சின்ன பிரஸ் ஷாப் சார், பேர் சொன்னா உங்களுக்குத் தெரியாது. சும்மா எவ்வளவு நாள்தான் அப்பா மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது, உங்க போன் வர வரைக்கும்னு போனான். காலைல கிரவுண்டு, அப்புறம் பஸ் மாறி மாறி பீன்யா. அங்க ரெண்டு பட்டன் இருக்குமாம். ரெண்டையும் ரெண்டு கையாலயும் அமுக்கினாதான் பிரஸ் கீழ இறங்கும். கை உள்ள போகக்கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சிருக்கான். ஆனா வேலை சீக்கிரம் ஓடணும்ல, அதனால ஒரு பட்டனை வயர் போட்டுக் கட்டி வச்சிட்டாங்க. எல்லாருமே ஒத்தக் கையாலதான் ஓட்டுவாங்களாம்.

போன மாசக் கடைசில, இடது கையால பட்டனை அமுக்கினான். உள்ள வச்ச தகடு நழுவுச்சு. அவ்வளவுதான் சார். எது நழுவினாலும் அவனுக்குக் கை தானாப் போய்டும். நீங்கதான் பாத்தீங்களே, டம்ளரை.

கட்டைவிரல் இருக்கு. மத்த நாலும் இல்ல.

கட்டு மாத்தத்தான் போயிருக்கான். உங்களுக்குச் சொல்ல வேணாம்னான், அவமானமா இருக்காம். நான்தான் நீங்க வரட்டும்னு இருந்தேன்.

ஃபைலை ஏன் சார் மூடறீங்க? ஸ்டோர்ஸ்னு நீங்கதான சொன்னீங்க. அம்மா கேட்டுட்டிருந்தாங்க. காபி ஆறுது, உக்காருங்க.

அப்பா செருப்புச் சத்தம். வந்துட்டாங்க. சார், ஒண்ணே ஒண்ணு. போன தடவ மாதிரி எழுந்து கை நீட்டிடாதீங்க. நீங்க நீட்டினா பழக்கத்துல அவனும் அந்தக் கையவே நீட்டிடுவான்.