வெட்டக் கூடாத கோடுகள்

வாத்தியார்: முதல்ல இப்படி வந்து உட்காரு. நின்னுக்கிட்டே பேசுற விஷயம் இல்ல இது.

மனைவி: கையெல்லாம் சோப்பு நுரைங்க. நீங்க கேளுங்க, காது சும்மாதான் இருக்கு.

வாத்தியார்: லீவுன்னாலும் பதினொரு மணிக்கு உங்க மேனேஜர் போன் பண்ணுவார். சூப்பர்வைசர் வேலையை எடுத்துக்கிறியா இல்லையான்னு கேப்பார். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரணுமா, இல்லையா?

மனைவி: நேத்தே சொல்லிட்டேனே, வேண்டாம்னு.

வாத்தியார்: ஏன் வேண்டாம்? ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி போர்வையையும் தலையணை உறையையும் துவைச்சுத் துவைச்சுக் கை வெந்துபோச்சு உனக்கு. இப்போ அவங்களே கூப்பிட்டு, ‘துவைச்சது போதும், மேற்பார்வை பாரு’ங்கிறாங்க. மாசம் மூவாயிரம் கூட. தினம் ரெண்டு மணி நேரம் அதிகம். அவ்வளவுதானே?

மனைவி: அவ்வளவுதான்.

வாத்தியார்: அப்புறம் என்ன?

மனைவி: வேண்டாம்.

வாத்தியார்: பார்த்தியா... இதுக்குத்தான் படம் போட்டுப் பார்த்துடலாம்கிறேன்.

மகள்: அம்மா! அப்பா என் கிராஃப் நோட்டைக் கிழிச்சிட்டார்!

வாத்தியார்: ஒரே ஒரு தாள்மா. புது நோட்டே வாங்கித் தரேன்.

மகள்: போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. அம்மா, என் நீலச் சட்டை எங்க?

மனைவி: அயர்ன் பண்ணாம கிடக்கு. இரு, வரேன்.

வாத்தியார்: நீ எங்கயும் போகாத! இங்க பாரு. கீழ படுத்திருக்கே இந்தக் கோடு, இது ஓய்வு நேரம். நிக்குதே இது, செலவுக்குக் கையில வர்ற பணம். ஓய்வைக் கொஞ்சம் விட்டுக்குடுத்தா பணம் ஏறும். பணத்தை விட்டா ஓய்வு கிடைக்கும். எவ்வளவு விட்டு எவ்வளவு வாங்கினா உன் மனசுக்கு நட்டமே இல்லையோ, அந்தப் புள்ளியெல்லாம் சேர்த்தா ஒரு வளைவு வரும். சமநோக்கு வளைகோடு.

மனைவி: கோணலா இருக்கே.

வாத்தியார்: வளைவுன்னா அப்படித்தான் இருக்கும்!

மனைவி: சரி சரி... இதுக்கு எதுக்கு மூக்கு சிவக்குது? பசங்க உங்ககிட்ட எப்படித்தான் பொருளாதாரம் படிக்கிறாங்களோ.

வாத்தியார்: பதினெட்டு வருஷமா படிக்கிறாங்க. உன்னை மாதிரி ஒரு பய குறுக்க பேசினது இல்ல. இப்போ சொல்லு. உனக்கு வேலை ஆறு மணிக்கு முடியுது.

மனைவி: ம்.

வாத்தியார்: என்ன ‘ம்’?

மனைவி: கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்... மேல சொல்லுங்க.

வாத்தியார்: இனிமே எட்டு மணிக்கு முடியும். ஆறுல இருந்து எட்டு வரைக்கும் உனக்கு இருக்கிற ஓய்வு போயிடும். அதுக்கு ஈடா மாசம் எவ்வளவு கேப்ப?

மனைவி: ஒண்ணும் வேண்டாம்.

வாத்தியார்: விளையாடாத. ஒரு தொகை சொல்லு.

மனைவி: நிஜமாத்தான் சொல்றேன். ஆறுல இருந்து எட்டு வரைக்கும் எனக்கு ஓய்வா? யாரு சொன்னா? அடுப்பு, பாத்திரம், நாளைக்கு மூணு பேருக்குத் துணி... அந்த ரெண்டு மணி நேரத்தை யாராவது தூக்கிட்டுப் போனா, நான்தாங்க அவங்களுக்குக் காசு குடுக்கணும்.

வாத்தியார்: அப்போ... அந்த நேரத்துக்கு மதிப்பே இல்ல. கோடு அப்படியே படுத்துடுச்சு. பாரு.

மனைவி: பாவம், அதாவது படுக்கட்டும்.

வாத்தியார்: சிரிக்காத. முடிவு கிடைச்சாச்சு இல்ல? சும்மாவே குடுக்கத் தயாரா இருக்கிற நேரத்துக்கு மூவாயிரம் தர்றாங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்க வேண்டியதுதானே!

மனைவி: மாட்டேன்.

வாத்தியார்: ஏன்?

மனைவி: ரெண்டு மணி நேரம் போயிடுமே.

வாத்தியார்: ஐயோ... இப்பதானேடி சும்மா எடுத்துக்கட்டும்னே!

மனைவி: அது வேறங்க. இது வேற.

வாத்தியார்: ரெண்டு மணி நேரத்துல வேற என்ன, நெட்டை குட்டையா இருக்கு? சரி. ‘இது வேற’ன்னியே, இதுக்கு எவ்வளவு? ஐயாயிரம்?

மனைவி: ம்ஹூம்.

வாத்தியார்: பத்தாயிரம்?

மனைவி: வேண்டாங்க.

வாத்தியார்: இருபது! அந்த ஆஸ்பத்திரியையே எழுதி வெக்கிறாங்கன்னு வெச்சுக்கோ!

மனைவி: அவ்வளவு போர்வையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

வாத்தியார்: கடவுளே... எவ்வளவு குடுத்தாலும் தரமாட்டேன்னா கோடு நெட்டுக்குத்தா நிக்கும். பாரு. அங்க ஒண்ணு படுத்திருக்கு, இங்க ஒண்ணு நிக்குது. ரெண்டும் நட்டநடுவுல வெட்டிக்குது! ஒரே ஆளோட ரெண்டு கோடு வெட்டிக்கவே கூடாது. புஸ்தகத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. வெட்டிச்சுன்னா...

மனைவி: வெட்டிச்சுன்னா?

வாத்தியார்: அந்த ஆள் சொன்னதுல ஏதோ ஒண்ணு பொய்.

மகள்: அம்மா, சட்டை!

மனைவி: நீயே ஒரு இழுப்பு இழுத்துக்கோடா செல்லம், பெட்டி மேஜை மேல இருக்கு...

மகள்: எனக்கு மடிப்பு சரியா வராதும்மா... ஏம்மா, உன் போன் அடிக்குது!

வாத்தியார்: குடு இங்க. பாரு, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

மனைவி: ஹலோ... ஆமா சார்... நல்லா யோசிச்சிட்டேன் சார். வேண்டாம் சார்... இல்ல, சம்பளம் எல்லாம் குறை இல்ல... நேரம்தான் சார் ஒத்துவரல. வேற யாருக்காவது குடுங்க. வெச்சிடறேன் சார்.

வாத்தியார்: வெச்சிட்டியா?

மனைவி: வெச்சிட்டேன்.

வாத்தியார்: புருஷன் ஒருத்தன் எதிர்ல உட்கார்ந்து தொண்டை வத்தக் கத்திக்கிட்டிருக்கான். உனக்குக் கொஞ்சமாவது...

மனைவி: சாயங்காலம் நல்லதா ஒரு டீ போட்டுத் தரேன், தொண்டைக்கு.

வாத்தியார்: நாலுல இருந்து ஆறு வரைக்கும் அப்படி என்னதான் இருக்கு!

மனைவி: ஆறுல இருந்து எட்டுன்னுதானே இவ்வளவு நேரம் சொன்னீங்க?

வாத்தியார்: சும்மா... ஒரு உதாரணத்துக்கு.

மனைவி: உதாரணத்துக்கு நாலுன்னா வாயில வரும்?

வாத்தியார்: கதவைச் சாத்து. அவ காதுல விழ வேண்டாம்.

மனைவி: சாத்திட்டேன். சொல்லுங்க.

வாத்தியார்: அன்னைக்கு... பெருமழை. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டுட்டாங்க. நீ நனைஞ்சிடுவியேன்னு ரெண்டு குடை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அஞ்சரை இருக்கும். வாட்ச்மேன் சொன்னான், ‘அவங்க நாலு மணிக்கே போயிடுவாங்களே சார், தினமும்’னு.

மனைவி: அது ரெண்டு மாசம் ஆச்சே!

வாத்தியார்: ரெண்டு மாசமாத்தான் எனக்குத் தூக்கம் இல்ல. அவன் சொன்ன அந்த ‘தினமும்’... அது போதும்.

மனைவி: நான் நனைஞ்சு வந்தப்போ துண்டு எடுத்துக் குடுத்தீங்க. ஒரு வார்த்தை கேக்கல.

வாத்தியார்: கேட்டா நீ பதில் சொல்லிடுவியேன்னு...

மனைவி: அதுக்குத்தான் இந்தக் கோடெல்லாமா?

வாத்தியார்: வேலையை எடுத்துக்கிட்டா அந்த ரெண்டு மணி நேரம் தானா அடைஞ்சிடும்னு நெனச்சேன். கேக்காமலே முடிஞ்சிடும்னு. சூப்பர்வைசருக்கு வேலை முடியறது எட்டு மணிக்கு இல்ல, ஆறு மணிக்கு. தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் எட்டுன்னு போட்டேன்.

மனைவி: நான் சொன்னதைப் பொய்ன்னீங்க. உங்க படத்துலதாங்க முதல் பொய்.

வாத்தியார்: தினம் நாலு மணிக்கு எங்க போற?

மனைவி: பஸ் ஸ்டாண்டுக்கு.

வாத்தியார்: எந்த ஊருக்கு?

மனைவி: எந்த ஊருக்கும் இல்ல. உள்ள காத்திருக்கிற இடம் இருக்கே, அங்க கடைசி வரிசையில உட்காருவேன். வண்டிக்காகன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் எழுப்ப மாட்டாங்க. ஆறு மணி ஆனதும் எழுந்து வந்துடுவேன்.

வாத்தியார்: சும்மாவா?

மனைவி: சும்மாதான்.

வாத்தியார்: தினமும் ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார ஒரு பொம்பளை பஸ் ஸ்டாண்டுக்குப் போவாளா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு? போனது போகட்டும், நான் கத்தமாட்டேன். சத்தியமா. உள்ளதைச் சொல்லிடு... அங்க யாரு இருக்கா?

மனைவி: என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லைங்க. அதுக்குத்தான் போறேன்.